கல்லில் உள்ளதும் நூலில் உள்ளதும்

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் பேருந்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். சென்ற அரையாண்டு விடுமுறையில் மாணவர் பதினொருவரை அழைத்துக்கொண்டு நாம் அங்கே சென்றிருந்தோம். புறப்படுமுன் கோட்டையைப் பற்றிய சிறுநூல் ஒன்றை வாங்கி, வழிநெடுக ஒரு மாணவரைக் கொண்டு உரக்கப் படிக்கச் செய்தோம். கதை சுவையாகத்தான் இருந்தது. குதிரைகளும் வாள்களும் சுரங்க வழிகளும் பக்கத்துக்குப் பக்கம் வந்தன. இராஜகிரி அடிவாரத்தில் சஆதத்துல்லாஹ் கான் பள்ளிவாசலின் முன்னே நின்றபோது, அம்மாணவர் அதற்குரிய இடத்தை நூலில் தேடிப் பிடித்தார். பள்ளிவாசலுக்கு அந்நூல் ஒதுக்கியிருந்தது ஒரே வரி. அங்கே அரபுக் கல்வெட்டு இருக்கிறது என்பதோடு அவ்வரி முடிந்துவிட்டது. “அதில் என்ன எழுதியிருக்கிறது, ஹஜ்ரத்?” என்று கேட்டார் மாணவர்.

அது அரபு அன்று. எழுத்து அரபெழுத்து, மொழி பாரசீகம். மொகலாயர் காலத்திலும் ஆற்காட்டு நவாபுகள் காலத்திலும் அரசாங்கக் காரியங்கள் நடந்தது பாரசீகத்தில்தான். அரபுத்தமிழ்க் கிதாபுகளைப் பாட்டிமார் ஓதக் கேட்டு வளர்ந்த நம் குடும்பங்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை: எழுத்து ஒன்றாக இருக்கும், மொழி வேறாக இருக்கும். அரபில் இல்லாத ப, ச, க ஒலிகளுக்குப் பாரசீகர் புள்ளியும் கோடும் சேர்த்துத் தனி எழுத்துகள் அமைத்துக்கொண்டனர். பழங்கல்லில் அப்புள்ளிகள் பல வேளை விடுபட்டோ தேய்ந்தோ போயிருக்கும். ஆதலால் நாமும் அண்ணாந்து பார்த்துப் பாதியைத்தான் படித்தோம். நம் உஸ்தாதுமார் கரீமாவும் குலிஸ்தானும் ஓதியவர்கள். நாம் அரபு இலக்கணத்தோடு நிறுத்திக்கொண்ட தலைமுறை. மாணவரிடம் பிறகு சொல்வதாகச் சொல்லி நகர்ந்தோம். அந்தக் கடன் இன்னும் முழுமையாகத் தீரவில்லை.

அன்று தொடங்கி, தொல்லியலைப் பொதுமக்களுக்கு எடுத்துரைக்கும் தமிழ் நூல்களையும் இதழ்க் கட்டுரைகளையும் கையில் கிடைத்தவரை வாங்கிப் படித்து வருகிறோம். ஐம்பதாண்டுகளுக்கு முன் இருந்ததைவிட இத்துறையில் எழுதுவோர் இப்போது பன்மடங்கு, படிப்போரும் அப்படியே. மகிழ்ச்சிதான். ஆயினும் படிக்கப் படிக்க ஒரு குறை முள்போல் உறுத்துகிறது. அதனைச் சொல்ல மத்ரஸாவின் பாடமுறையையே நாம் துணைக்கு அழைக்க வேண்டியிருக்கிறது.

மத்ரஸாவில் கிதாபைக் கையில் எடுக்கும் சிறுவனுக்கு முதலில் கற்பிப்பது எது மத்ன், எது ஷரஹ், எது ஹாஷியா என்பதை. மத்ன் மூலம், ஷரஹ் அதன் உரை, ஹாஷியா ஓரத்தில் பின்வந்தோர் எழுதிய குறிப்பு. மூன்றும் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தாலும், மூல ஆசிரியர் சொல்லாததை அவர் தலையில் ஏற்றிச் சொன்னால் உஸ்தாதின் பிரம்பு பேசும். தமிழிலும் இதுவே மரபு. குறள் வள்ளுவருடையது, உரை பரிமேலழகருடையது என்பதை மறந்து பேசுபவரை எந்தப் புலவரும் ஏற்கார். ஆனால் கல்வெட்டையும் பானை ஓட்டையும் பற்றி எழுதும்போது மட்டும் மூலமும் உரையும் ஒரே பாத்திரத்தில் கரைக்கப்பட்டு, படிப்பவர் கையில் பாயசமாகக் கொடுக்கப்படுகிறது. இனிக்கிறது. எது பால், எது வெல்லம் என்று பிரித்தறிய வழியில்லை.

நம் மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில், சாலைக்குச் சற்று உள்ளே, மண்டகப்பட்டு என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு பாறையைக் குடைந்து எடுத்த கோயிலில் பல்லவ கிரந்த எழுத்தில், வடமொழியில் அமைந்த கல்வெட்டு ஒன்று உண்டு. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எவையும் இன்றி, பிரமன், ஈசன், திருமால் ஆகியோருக்கு விசித்திரசித்தன் என்னும் அரசன் இந்த இலக்ஷிதாயதனத்தை அமைத்தான் என்பது அதன் கருத்து. விசித்திரசித்தன் என்பது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்.

கல்லில் உள்ளது இவ்வளவே. இதன்மேல் ஆய்வாளர் படிப்படியாகக் கட்டிய ஊகங்களைக் காண்போம். இப்பொருள்கள் இல்லாமல் கட்டினோம் என்று ஓர் அரசன் பெருமையோடு சொல்கிறான் என்றால், அதற்கு முன் இருந்த கோயில்கள் அப்பொருள்களால் ஆனவை என்று கொள்ளலாம். இஃது உறுதியான படி. அவ்வாறாயின் தொண்டை நாட்டில் இவன் எடுத்த குடைவரைகளுள் இதுவே முதலாவது போலும் என்பது அடுத்த படி. பெரும்பாலோர் ஒப்புவது, எனினும் முதற்படியைப்போல் உறுதியானதன்று. தமிழகம் முழுவதற்கும் இதுவே முதற் குடைவரை என்பது மூன்றாவது படி. இங்கே படிக்கட்டு ஆடத் தொடங்குகிறது. ஏனெனில் பாண்டி நாட்டுப் பிள்ளையார்பட்டிக் குடைவரை இதற்கும் முந்தியது என்று எழுத்தமைதியைக் காட்டி வாதிடுவோர் உளர். நம் சிறுநூல்களோ மூன்றாவது படியில் குதித்து ஏறி நின்றுகொண்டு, ‘தமிழகத்தின் முதற் குடைவரை இதுவே என்று மகேந்திரவர்மன் கல்வெட்டில் கூறுகிறான்’ என்று எழுதிவிடுகின்றன. மகேந்திரவர்மன் அவ்வாறு கூறவில்லை. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகப் பேசாத ஒருவர் வாயில் நம் சொல்லை வைத்துவிடுவது எளிது. அவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை.

பொதுமக்களுக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு, முடிவைச் சொன்னால் போதாதா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் பொதுமக்களை அறியாதவர்கள் என்றே நாம் கருதுகிறோம். நம் வீட்டுப் பெண்மக்கள் ஒரு சம்பந்தம் பேச வரும் செய்தியை எவ்வாறு விசாரிக்கிறார்கள்? சொன்னவர் யார், அவர் நேரில் கண்டாரா, கேட்டுச் சொன்னாரா, அவருக்கும் அந்த வீட்டாருக்கும் என்ன உறவு என்று நூல் பிடித்துக்கொண்டு போகிறார்கள். ஹதீஸ் கலையில் இஸ்னாத் என்பது இதுவே: இன்னார் இன்னாரிடமிருந்து கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடர். தொடரில் ஒரு கண்ணி அறுந்தால் செய்தி பலவீனம் அடையும். தொல்லியலிலும் ஒவ்வொரு பொருளுக்கும் இத்தகைய தொடர் ஒன்று உண்டு. எங்கே கிடைத்தது, எத்தனை அடி ஆழத்தில், எந்த மண்ணடுக்கில், உடன் கிடந்தவை யாவை, எடுத்தவர் யார், காலத்தைக் கணித்தவர் யார், எதைக்கொண்டு கணித்தார் என்பனவே அதன் கண்ணிகள். அவற்றைச் சுவையாகச் சொல்ல முடியாது என்பது எழுதுபவரின் சோம்பலே.

முடியும் என்பதை நம் பக்கத்து ஊரில் அகழ்ந்த ஒருவரே காட்டிச் சென்றார். விழுப்புரத்துக்குக் கிழக்கே, புதுச்சேரியை அடுத்து, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டை நம் வாசகருள் பலர் அறிந்திருப்பர். புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ரேயுக்கு 1937ஆம் ஆண்டு வாக்கில் அங்கிருந்து மணிகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் உரோமப் பேரரசர் அகஸ்தஸின் தலை செதுக்கப்பட்டிருந்தது. பின் 1944இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றில் உடைந்த சாடியின் கழுத்துப் பகுதியைக் கண்டார். மத்தியதரைக் கடல் நாடுகளில் மதுவும் எண்ணெயும் நிரப்பி அனுப்பிய உரோமச் சாடி அது. எங்கிருந்து வந்தது என்று தேடிப் புதுச்சேரிக்குச் சென்றார். அங்கே இத்தாலியின் அரேசோ நகரத்துச் செந்நிற மட்கல ஓடுகளைக் கண்டார். 1945இல் அகழாய்வைத் தொடங்கினார்.

பிற்காலத்தில் வீலர் பொதுமக்களுக்கு எழுதிய நூல்களில் இச்செய்தியை விரித்துச் சொல்லும் முறை நாம் கற்கத் தக்கது. அரேசோ மட்கலம் எந்தப் பத்தாண்டுகளில் செய்யப்பட்டது என்பது இத்தாலியில் ஏற்கெனவே தெரியும். அந்த ஓடு அரிக்கமேட்டின் எந்த அடுக்கில் கிடக்கிறதோ, அதே அடுக்கில் அதனோடு கிடக்கும் நம் நாட்டுப் பானையும் அக்காலத்ததே. அந்த நாட்டுப் பானை வகை வேறோர் ஊரில் கிடைத்தால் அந்த ஊரின் காலத்தையும் அதைக்கொண்டு அறியலாம். ஒரு பூட்டின் சாவி அடுத்த பூட்டையும் திறக்கிறது. தென்னிந்தியத் தொல்லியலுக்கே காலக்கணக்கு இவ்வாறுதான் கிடைத்தது. படிப்பவர் இதைப் புரிந்துகொண்டபின், அவரிடம் ‘கி.பி. முதல் நூற்றாண்டு’ என்று சொன்னால் அதை நம்புவதோடு நில்லார். ஏன் என்று பிறருக்கும் சொல்வார். வீலர் தொலைக்காட்சியில் பேசி இங்கிலாந்தின் வீடுதோறும் அறிமுகமானவர். 1954இல் அந்நாட்டுத் தொலைக்காட்சியின் சிறந்த ஆளுமை என்ற பரிசே அவருக்குக் கிடைத்தது. மக்களிடம் பேசுவதால் தம் புலமைக்கு இழுக்கு என்று அவர் எண்ணவில்லை.

ஆனால் இதே வீலரிடம் நாம் அஞ்ச வேண்டியதும் உண்டு. மொகஞ்சதாரோவின் மேலடுக்குகளில் கிடந்த எலும்புக்கூடுகள் சிலவற்றைக் கொண்டு, படையெடுத்து வந்தவர்கள் நகர மக்களை வெட்டிச் சாய்த்தனர் என்றும், அக்குற்றத்துக்கு வேதத்து இந்திரனே பொறுப்பு என்றும் 1947இல் எழுதினார். எத்தகைய காட்சி! உலகமெங்கும் பாடநூல்களில் அது ஏறியது. 1964இல் அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் டேல்ஸ் அந்த எலும்புக்கூடுகளின் இஸ்னாதை எடுத்துப் பார்த்தார். அவை ஒரே அடுக்கில், ஒரே காலத்தில் வீழ்ந்தவை அல்ல. படுகொலை நடந்ததற்குத் தக்க சான்றும் இல்லை. பிறகு எலும்பை ஆய்ந்தோரும் வெட்டுக்காயம் மிகச் சிலவற்றில்தான் உண்டு என்றனர். ஆனால் அழகாகச் சொல்லப்பட்ட பிழை அவ்வளவு எளிதில் சாவதில்லை. இன்றைக்கும் மேடைகளில் அதை நாம் கேட்கிறோம். அரிக்கமேட்டிலேயே 1989 முதல் 1992 வரை மீண்டும் அகழ்ந்த விமலா பெக்லியும் அவர் குழுவினரும், உரோமர் வருகைக்கு முன்னும் அவ்வாணிகம் ஓய்ந்த பின்னும் அங்கே மக்கள் வாழ்ந்தனர் என்று காட்டி, வீலரின் கணக்கைத் திருத்தினர். நம் சிறுநூல்களுள் பல இன்னும் 1945லேயே நின்றுகொண்டிருக்கின்றன.

விழுப்புரத்துக்கு மேற்கே கீழ்வாலையில் பாறைகளின்மேல் செங்காவியால் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. பறவை முகம் கொண்ட மனித உருவங்கள், விலங்கின்மேல் அமர்ந்த ஒருவர், படகில் நிற்போர் ஆகிய இவற்றை நாமும் கண்டிருக்கிறோம். அவற்றினிடையே காணும் சில குறிகள் சிந்துவெளி எழுத்தை ஒத்திருக்கின்றன என்று ஆய்வாளர் சிலர் கருதினர். ஒத்திருக்கின்றன என்பதைச் சிந்துவெளி எழுத்தே என்று மாற்ற நம் எழுத்தாளர்களுக்கு ஒரு பேனாக் கீறல்தான் தேவைப்பட்டது. சிந்துவெளி எழுத்தே இன்னும் எல்லோரும் ஒப்பும்படி படிக்கப்படவில்லை. மேலும், அரபில் அலிபும் எண் ஒன்றும் பார்வைக்கு ஒரே கோடுதான். அதனால் எழுத்தும் எண்ணும் ஒன்றாகிவிடுமா? குறி ஒத்திருப்பது வேறு, மொழி ஒத்திருப்பது வேறு. இதைச் சொல்லிவிட்டால் கீழ்வாலையின் பெருமை குறைந்துவிடும் என்று அஞ்சுகிறார்கள். அந்தப் பறவை முகங்களே போதுமான வியப்பு அல்லவா?

இவ்வட்டாரத்தை விட்டு வைகைக் கரைக்குச் சென்றால், மூலத்தையும் உரையையும் பிரித்து வைத்த ஒரு வெளியீடு இருப்பதை மகிழ்வோடு சொல்ல வேண்டும். கீழடியைப் பற்றித் தமிழ்நாடு அரசுத் தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்ட நூலைத்தான் சொல்கிறோம். 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி ஒன்று கரிமக் கணிப்பில் கி.மு. 580ஐச் சேர்ந்தது என்றும், 200 செ.மீ. ஆழத்தில் எடுத்த மற்றொன்று கி.மு. 205ஐச் சேர்ந்தது என்றும் ஆழமும் ஆண்டும் அருகருகே தரப்பட்டன. ஒரு பள்ளிச் சிறுவன்கூட இவ்விரு எண்களைப் பார்த்து, கீழே போகப் போகக் காலம் முந்துகிறது என்று உணர்வான். ஆனால் அந்நூலை வைத்துக்கொண்டு பிறர் எழுதியவற்றில் ஆழம் காணாமற்போயிற்று. ஆண்டு மட்டும் மிஞ்சிற்று. கணிக்கப்பட்டது கரியின் காலம். எழுத்துப் பொறித்த ஓட்டின் காலம், அது அக்கரியோடு ஒரே அடுக்கில் கலைவின்றிக் கிடந்தது என்பதனால் பெறப்படுவது. இடையில் ஒரு குழியோ எலிவளையோ இருந்தால் மேலுள்ளது கீழே இறங்கியிருக்கும். அகழ்பவர் அதைத்தான் நாள்முழுதும் பார்த்துக்கொண்டிருக்கிறார். 2025இல் மத்தியத் தொல்லியல் துறை முன்னைய அகழாய்வின் அறிக்கையைத் திருத்தக் கேட்டபோது எழுந்த சர்ச்சையில், இந்த நுணுக்கம் மக்களுக்கு முன்பே விளங்கியிருந்தால், அவர்கள் வெறும் கூச்சலைக் கேட்க வேண்டியிருந்திராது. கேள்வி எது, அதற்கு விடை எந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவர்களே கேட்டிருப்பார்கள்.

ஆராய்ச்சி இதழ்களில் இவ்வொழுங்கு எப்போதும் உண்டு. தஞ்சையிலிருந்து தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிட்டுவரும் ‘ஆவணம்’ ஏட்டைப் புரட்டினால், புதிய கல்வெட்டு ஒவ்வொன்றுக்கும் இடமும் காலமும் முதலில் வரும். கல்லின் வாசகம் வரிக்கு வரி தனியே நிற்கும். நாம் விரும்புவது அதே ஒழுங்கை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவருவது.

எப்படிக் கொண்டுவரலாம் என்பதற்கு ஒன்று சொல்வோம். முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, 2019இல் மாவட்டம் பிரிந்தபின் கள்ளக்குறிச்சியோடு சேர்ந்த பகுதியில் ஜம்பை என்னும் ஊர் உள்ளது. அங்கே 1981இல் குகைத்தளம் ஒன்றில் தமிழி எழுத்துக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. சத்தியபுத்திரனாகிய அதியமான் நெடுமான் அஞ்சி அளித்த பள்ளி இது என்பது அதன் செய்தி. அதன் காலம் கி.பி. முதல் நூற்றாண்டு என்று ஐராவதம் மகாதேவன் கணித்தார். அசோகரின் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் ஐயம் இதனால் தீர்ந்தது என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. நல்லதே. ஆனால் நம் வீட்டுக் குழந்தைக்குச் சொல்ல வேண்டியது அச்செய்தியின் கடைசிச் சொல். கல்லில் ‘பளி’ என்று இருக்கும் அது ‘பள்ளி’. அன்று சமணத் துறவியர் தங்கிய கற்படுக்கைக்குப் பெயர் பள்ளி. பின்னர் எழுத்துக் கற்கும் இடத்துக்குப் பெயர் பள்ளிக்கூடம். நாள்தோறும் ஐந்து வேளை நாம் செல்லும் இடத்துக்குத் தமிழ்நாட்டு முஸ்லிம்கள் வைத்த பெயர் பள்ளிவாசல். மஸ்ஜித் என்ற சொல் கையில் இருந்தும் நம் முன்னோர் இம்மண்ணின் சொல்லையே எடுத்தாண்டனர். இரண்டாயிரம் ஆண்டுச் சொல் ஒன்று நம் வாயில் அன்றாடம் புழங்குகிறது என்பதைக் காட்ட ஒரு கல் இருக்கும்போது, அதை அதியமானோடு மூடிவைத்துவிடுகிறோம்.

மீண்டும் செஞ்சிக்கு வருவோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் மராத்தியர் இராணுவ நிலப்பரப்புகள் என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி. பெருமைப்பட வேண்டியதே. 1677இல் சிவாஜி இக்கோட்டையைக் கைக்கொண்டதும், அவர் மகன் இராஜாராம் இங்கே அடைக்கலம் புகுந்து, மொகலாயத் தளபதி சுல்பிகார் கானின் முற்றுகையை 1698 வரை தாங்கியதும் வரலாறு. ஆனால் அதற்குப்பின் வந்த கட்டுரைகள் பலவற்றில் கோட்டைக்கு ஒரே உடைமையாளர்தான் இருந்தார் என்று எண்ணத் தோன்றுகிறது. நாயக்கர்களின் நெற்களஞ்சியமும் கல்யாண மகாலும், 1649இல் வந்த பீஜப்பூர்ச் சுல்தான்களின் படையும், மொகலாயரும், இராஜபுத்திரரும், ஆற்காட்டு நவாபும், 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் ஒருவர் விட்ட சுவரின்மேல் அடுத்தவர் கல் வைத்தனர். பட்டியலில் சேர்ப்பவருக்கு ஒரு பெயர் வேண்டும். எழுதுபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1943இல் சி. எஸ். சீனிவாசாசாரியார் ஆங்கிலத்தில் எழுதிய செஞ்சி வரலாறு இவ்வகையில் இன்றும் முன்மாதிரி. ஏசுசபைப் பாதிரிமார் கண்டு எழுதியது எது, ஊர்வழக்கு எது என்று அவர் பிரித்துப் பேசுகிறார்.

தேசிங்குராஜன் கதையை எடுத்துக்கொள்வோம். 1714இல் நவாப் சஆதத்துல்லாஹ் கானின் படையோடு பொருது மாண்ட இளைஞர் தேஜ்சிங் அவர். அவரோடு அதே களத்தில் உயிர்விட்டவர் நண்பர் மகபத்கான். மணக்கோலத்தை விட்டுப் போருக்கு வந்தவர் என்று நாட்டுப்பாடல் அவரைக் கொண்டாடுகிறது. எதிர்ப்படையின் தலைவரும் முஸ்லிம், உயிர்த்தோழரும் முஸ்லிம். எழுத்தறியாத பாடகர்கள் முந்நூறாண்டு காத்துத் தந்த இந்தச் சிக்கலை, படித்தவர் எழுதும் சிறுநூல் ஒரு மதத்துக்கும் மற்றொரு மதத்துக்கும் நடந்த சண்டையாக நேராக்கிவிடுகிறது. பாடலும் கல்வெட்டு அன்றுதான். அதில் புனைவு மிகுதி. ஆயினும் ஊர் மக்கள் எதை நினைவில் வைக்க விரும்பினார்கள் என்பதற்கு அது மூலம்.

குறையைப் பிறர்மேல் மட்டும் ஏற்றி நம் சமுதாயத்து எழுத்தை விட்டுவிட்டால் அது நேர்மையாகாது. பள்ளிவாசல்கள், தர்காக்கள் பற்றி நம்மவர் வெளியிடும் மலர்களில் ஆண்டுகள் எவ்வளவு தாராளமாக வழங்கப்படுகின்றன! கொடுங்கல்லூர்ச் சேரமான் பள்ளிக்குக் கி.பி. 629 என்ற ஆண்டு மரபாக வருவது. அவ்வாண்டைத் தாங்கிய அக்காலக் கல் எதுவும் அங்கே இல்லை. மரபு என்று சொன்னால் அதற்கும் மதிப்பு உண்டு. கல்வெட்டு என்று சொன்னால் பொய்யாகிவிடுகிறது. இன்னொன்று, ஹிஜ்ரி ஆண்டோடு 622ஐக் கூட்டிக் கிறிஸ்தவ ஆண்டு கண்டுவிடும் வழக்கம். சந்திர ஆண்டு 354 நாள் கொண்டது. சூரிய ஆண்டு முப்பத்துமூன்று கழிவதற்குள் சந்திர ஆண்டு முப்பத்துநான்கு ஓடிவிடும். செஞ்சிப் பள்ளிவாசலின் காலம் 1717-18 என்று நூல்கள் குறிப்பதன் காரணமும் இங்கேதான் விளங்கும். ஹிஜ்ரி 1130 தொடங்குவது 1717 டிசம்பரில், முடிவது 1718 நவம்பரில். ஒரு ஹிஜ்ரி ஆண்டு இரு கிறிஸ்தவ ஆண்டுகளில் கால் வைத்து நிற்கிறது. அதே 1130ஓடு 622ஐக் கூட்டுபவருக்கு 1752 கிடைக்கும். அதற்குள் சஆதத்துல்லாஹ் கான் இறந்து இருபது ஆண்டு ஆகியிருக்கும்!

நம் முன்னோர் இப்படி எழுதியவர்கள் அல்லர். பகுதாதில் 1162இல் பிறந்த அப்துல் லத்தீப் என்ற மருத்துவர் மிஸ்ரு தேசம் சென்று, கண்டவற்றைக் ‘கிதாபுல் இஃபாதா வல் இஃதிபார்’ என்ற சிறிய கிதாபில் எழுதிவைத்தார். பிரமிடின் உச்சியை அளக்க வேண்டும். தம்மால் ஏற இயலாது. பக்கத்துக் கிராமத்தான் ஒருவனை ஏற்றிவிட்டு, அவன் தலைப்பாகைத் துணியால் உச்சியை அளந்து இறங்கியபின், அத்துணியை முழம் போட்டதாகச் சொல்கிறார். எண் எங்கிருந்து வந்தது என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. தவறானால் எங்கே தவறியிருக்கும் என்றும் தெரிந்துவிடுகிறது. பஞ்சத்தில் மாண்டோரின் எலும்புகள் குவிந்து கிடந்த இடத்துக்குச் சென்று, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்து, கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று ஜாலீனூஸ் எழுதியது பிழை, அது ஒன்றே என்று துணிந்து சொன்னார். பண்டைச் சின்னங்களைப் புதையலுக்காக இடிப்போரைக் கண்டு வருந்தவும் செய்தார். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பொதுவாசகருக்கு எழுதிய தொல்பொருள் நூல் அது.

அவரைப் படித்துப் பாடம் நடத்தும் நாம் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையில் ஓர் ஊர். அதன் பழைய பள்ளிவாசலில் ஹவுளின் மேற்குச் சுவரில் கல் ஒன்று பதிந்திருந்தது. இளமையில் ஒளூச் செய்யும்போதெல்லாம் நம் கண் அதில் படும். மூன்று வரி, அடியில் ஆண்டு. மூன்றாம் வரியின் முடிவில் ஒரு பெயர், பாதி சுண்ணாம்பில் மறைந்திருந்தது. பள்ளியைப் புதுப்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு வெள்ளிக்கிழமை சென்றோம். பையில் தாளும் பென்சிலும் இருந்தன. ஜும்ஆவுக்கு நேரமாயிற்று, அடுத்த வாரம் எழுதிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டோம். அடுத்த வாரம் அவ்விடத்தில் பளபளப்பான சலவைக்கல் பதித்திருந்தார்கள். பழைய கல் எங்கே என்று கேட்டதற்கு, அஸ்திவாரத்துக்குப் போன கற்களோடு போயிருக்கும் என்றார் முதியவர் ஒருவர். அவர்மேல் நமக்கு வருத்தமில்லை. அக்கல்லில் எழுத்து இருந்தது அவருக்குத் தெரியும்; அதில் செய்தி இருந்தது என்று அவரிடம் எவரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டியவர் அரபு படித்த நாம். அந்த ஆண்டின் முதல் எண் ஒன்று, இரண்டாம் எண் இரண்டு என்பது மட்டும் நினைவில் நிற்கிறது. ஹிஜ்ரி ஆயிரத்து இருநூறு சொச்சம். நூறாண்டு அகலமுள்ள அந்தக் கதவின் உள்ளே யார் பெயர் இருந்தது என்று இனி அறிய வழியில்லை.

அரபு, பாரசீகக் கல்வெட்டுகளைப் படிக்க மத்தியத் தொல்லியல் துறைக்கு நாகபுரியில் தனி அலுவலகமே உண்டு; அவர்கள் வெளியிட்ட தொகுதிகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தென்னாட்டுப் பள்ளிவாசல்களைப் பற்றி மெஹர்தாத் ஷுகூஹி 2003இல் எழுதிய பெருநூலும் ஆங்கிலமே. படிக்கத் தெரிந்தவர் தமிழில் எழுதுவதில்லை. தமிழில் எழுதுபவருக்குப் படிக்கத் தெரிவதில்லை. இடையில் நிற்கும் மத்ரஸா ஆசிரியர்கள் நாமோ, ஜும்ஆவுக்கு நேரமாயிற்று என்று வந்துவிடுகிறோம்.

செஞ்சிக்கு நம்மோடு வந்து கேள்வி கேட்ட மாணவர், சென்ற மாதம் தாமே மறுபடியும் சென்று வந்தார். கல்லைத் தொடவில்லை, மைப்படி எடுப்பது அத்துறையில் பயின்றவர் வேலை என்று சொல்லி அனுப்பியிருந்தோம். காலையில் வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது எழுத்தின் பள்ளங்களில் நிழல் நிற்கும். அந்நேரத்தில் கைபேசியால் எடுத்த படமே போதும். எடுத்துவந்த படங்களின் பின்புறத்தில் இடம், திசை, நாள், நேரம், தம் பெயர் ஆகியவற்றை ஒழுங்காக எழுதியிருக்கிறார். பழைய பாரசீக அகராதி ஒன்றை வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்து பார்த்து வருகிறோம். இரண்டாம் வரியில் ஒரு சொல்லின் புள்ளிகள் தேய்ந்திருக்கின்றன. மூன்று விதமாகப் படிக்க இடமிருக்கிறது. பாரசீகம் ஓதிய பெரியவர் எவரேனும் இவ்வட்டாரத்தில் இருந்தால் இதழின் முகவரிக்கு எழுத வேண்டுகிறோம். படத்தை அனுப்பிவைப்போம்.